நான் போட்ட கறுப்பு மொச்சை

எங்கள் மடத்தை மூடியது நான்தான்.

கேட்டால் வேறு காரணங்கள் சொல்வார்கள். கன்னியராக இப்போது யாரும் வருவதில்லை, கட்டடம் பழசு, ரோமிலிருந்து புதுச் சட்டம் வந்துவிட்டது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த உண்மைகளுக்கு நடுவில், என் விரல்களிலிருந்து விழுந்த ஒரு கறுப்பு மொச்சை கிடக்கிறது. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதால்தான் சொல்லத் துணிகிறேன்!

மொச்சை என்றதும் சிரிக்காதீர்கள். எங்களுடையது அடைபட்ட மடம். உள்ளே வந்தவர்கள் வைத்தியம் மாதிரியான அவசியத்துக்குத் தவிர வெளியே போவதில்லை. ஒருத்தியை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதா என்பதை, சாகும்வரை இங்கேயே இருப்பதாக இறுதி வார்த்தைப்பாடு கொடுத்த சகோதரிகள் எல்லாரும் வாக்குப் போட்டு முடிவு செய்வோம். வாக்குச்சீட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு வெள்ளை மொச்சையும் ஒரு கறுப்பு மொச்சையும் தருவார்கள். மரப்பெட்டியின் துளைக்குள் கையை விட்டு ஒன்றைப் போட வேண்டும். வெள்ளை விழுந்தால் அவள் இருக்கட்டும், கறுப்பு விழுந்தால் போகட்டும். யார் எதைப் போட்டார்கள் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

எவ்வளவு வசதியான விதி பாருங்கள்! அதன் முதுகுக்குப் பின்னால் இத்தனை காலம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

என்னை எல்லாரும் சிஸ்டர் அமலா என்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். நர்ஸ் வேலைக்கு நியூ ஜெர்சி வந்தவள். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு, காரை விற்றுவிட்டு மடத்துக்குள் நுழைந்தேன். "கிரீன் கார்டு வாங்குனது உள்ள போயி கதவ அடைச்சிக்கிடத்தானா?" என்று அண்ணன் போனில் கத்தினான். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அந்த வயதில் பதில் சொல்லாமலிருப்பதுதான் புனிதம் என்று நினைத்தேன்.

நான் நுழைந்தபோது பதினெட்டுப் பேர் இருந்தோம். எங்கள் கோவிலில் மர இருக்கைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே இருக்கும். ஒரு பக்கத்தார் ஒரு வரியைப் பாட, அடுத்த வரியை எதிர்ப்பக்கத்தார் பாட வேண்டும். ஒருவர் இறந்தால் அந்த இருக்கை அப்படியே காலியாக நிற்கும். பாட்டு போய்த் திரும்பி வர வர மெலிந்தது. மாடியைப் பூட்டினோம், ஹீட்டர் செலவு தாங்கவில்லை. பிறகு கிழக்குப் பக்க அறைகளைப் பூட்டினோம். கடைசியில் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஆறு பேர் மிஞ்சினோம். அதில் நான்தான் இளையவள், ஐம்பத்து மூன்று வயது! எண்பது தாண்டிய எங்கள் தலைவி மதர் என்னை 'நம் சின்னப் பெண்' என்றே கூப்பிடுவார்.

அப்போதுதான் ரோமிலிருந்து அந்தச் சீர்திருத்தம் வந்தது. இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஐந்து பேராகக் குறைந்துவிட்டால், தங்கள் தலைவியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த மடத்துக்கு இல்லை. பிறகு வெளியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, நடத்துவதா மூடுவதா என்று யோசிப்பார்கள். மதர் அதைச் சாப்பாட்டு அறையில் எங்களுக்கு வாசித்தார். வாசித்து முடித்ததும் எல்லாரும் ஒருவரையொருவர் கண்ணாலேயே எண்ணினோம். ஆறு. அந்த ஆறில் சிஸ்டர் போலின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் இருந்தார்.

ஆனால் எங்களிடம் நித்யா இருந்தாள்.

நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்த பெண். பெற்றோர் கோயம்புத்தூர்க்காரர்கள், இந்துக்கள், எடிசனில் வீடு. கல்லூரியில் படிக்கும்போது ஞானஸ்நானம் பெற்று, இருபத்து நான்கு வயதில் எங்கள் கதவைத் தட்டினாள். முதலில் பயிற்சி பெறும் நவகன்னியாக, பிறகு தற்காலிக வார்த்தைப்பாட்டோடு, ஒன்பது வருடம் எங்களோடு இருந்துவிட்டாள். இன்னும் ஒரு வாக்கெடுப்புதான் பாக்கி. அது முடிந்தால் நாங்கள் ஏழு. போலின் போனாலும் ஆறு. மடம் பிழைத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதென்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அவள் அம்மா சுமதி வருவார். ஓக் ட்ரீ ரோட்டில் சாமான் வாங்கிவிட்டு அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு வருவார். எங்கள் வாசல் சுவரில் பீப்பாய் மாதிரி ஒரு மரப்பெட்டி உண்டு. வெளியே இருப்பவர் பொருளை வைத்துத் தள்ளினால் அது சுழன்று உள்ளே வரும். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு நான். சுமதி ஒரு எவர்சில்வர் டப்பாவில் அரிசிம்பருப்பு சாதம் வைத்துத் தள்ளுவார். டப்பாவின் மூடியில் 'நித்யா காதணி விழா' என்று வெட்டியிருக்கும்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டா? எனக்கும் இல்லை. பல பங்குக் கோவில்களின் பூசைக்கு அப்பம் சுடுவதுதான் எங்கள் தொழில். வட்டமாக வெட்டியது போக மிஞ்சும் ஓரங்களை டப்பாவில் நிரப்பி அனுப்பினேன்.

"சிஸ்டர், இது உங்க பிரசாதமுங்களா? நாங்க சாப்புடலாமுங்களா?" சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"மந்திரிக்காத வெறும் ஓரம்தாம்மா. டீயில முக்கிச் சாப்பிடுங்க" என்றேன்.

அடுத்த மாதம், "அவங்கப்பா இன்னும் கொஞ்சம் கேட்டாருங்க சிஸ்டர்" என்றார். ஒன்பது வருடம் அந்த டப்பா இப்படிப் போய் வந்துகொண்டிருந்தது. நானும் அந்த அம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது நாலைந்து தடவைதான். ஆனாலும் உறவு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஏன்? நீங்கள் கேட்கலாம். நானே ஆயிரம் முறை கேட்டுவிட்டேன்.

எங்கள் மடத்தில் மதியச் சாப்பாடு மௌனமாக நடக்கும். ஒருவர் மட்டும் ஒரு நல்ல ஆங்கிலப் புத்தகத்தை உரக்க வாசிப்பார். பதினொரு வருடம் அது என் வேலை. ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் நித்யா வாசித்தாள். சாப்பாடு முடிந்ததும் சிஸ்டர் போலின், "அப்பாடா! இன்றைக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது" என்றார். கிழவிக்குக் கள்ளம் கிடையாது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் தொண்டை சரியான பிறகும் யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை.

இது சின்ன விஷயம். இதற்காக ஒருத்தியின் வாழ்க்கையில் கறுப்பு மொச்சை போடுவார்களா? மாட்டார்கள். இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்...

நித்யா வருவதற்கு முன்பே என் அம்மா போய்விட்டார். படுக்கையில் கிடக்கிறார் என்று செய்தி வந்தபோது மதர் என்னைக் கூப்பிட்டு, "போய்ப் பார்த்துவிட்டு வா, அனுமதி தருகிறேன்" என்றார். "வேண்டாம் மதர், நான் எல்லாவற்றையும் விட்டு வந்தவள்" என்றேன். மதர் வற்புறுத்தவில்லை. அண்ணன் போனை அம்மாவின் காதில் வைத்தான்.

"எப்பம்மா வருவ?"

"உங்களுக்காக ஜெபிக்கிறேம்மா" என்றேன்.

பெற்ற தாயிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். மற்ற சகோதரிகள் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நித்யாவின் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் வந்தது. அவள் மதரிடம் கேட்டாள், பத்து நாள் போனாள். திரும்பி வந்த அன்று தாயும் மகளும் வாசலில் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தன் இடத்தில் நின்று, மாலை ஜெபத்தைப் பாட ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான்! ஒருவரும் அவளைக் குறைவாக நினைக்கவில்லை. "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று எல்லாரும் அன்பாக விசாரித்தார்கள்.

எதிர் வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகலாமா? போய்விட்டுத் திரும்பி வரலாமா? அப்பாவையும் பிடித்துக்கொண்டு ஆண்டவரையும் பிடித்துக்கொள்ள முடியுமா? அப்படியென்றால் நான் என் அம்மாவை எதற்காகச் சாகவிட்டேன்? அவள் அப்படிப் பாடப் பாட என் தியாகம் வெறும் வறட்டுக் கௌரவமாகிக்கொண்டிருந்தது. அவள் அங்கே நிற்கும்வரை தினமும் ஏழு வேளை ஜெபத்திலும் அது என் முகத்துக்கு எதிரே நின்று பாடும்...

பொறாமை என்று இதைச் சொல்லலாமா? அதைவிடக் கேடுகெட்ட ஏதோ ஒன்று. எனக்குப் பெயர் தெரியவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின சனிக்கிழமை சுமதி வந்தார். டப்பாவைச் சுழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

"சிஸ்டர், நீங்க நம்ம ஊர் ஆளுங்க. உங்ககிட்ட மட்டும்தான் மனசு விட்டுப் பேச முடியுது. அவங்கப்பாவுக்கு ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்குதுங்க. ஒரே பொண்ணு. ஃபைனலா சைன் பண்ணிட்டா அவ்ளோதான்னு சொல்றா. நீங்க ஒரு வார்த்தை சொல்லி டிலே பண்ண முடியாதுங்களா?"

"ஆண்டவர் சித்தம்மா" என்றேன். இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எங்களைப் போன்றவர்கள் எதையும் மூடிவிடலாம்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஒரு தாயின் கண்ணீர்! அதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஊசிமுனையளவு இடம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு அந்த அம்மாள் கதவையே திறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து ஆறு பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். நித்யா கோவிலில் தனியாக முழந்தாளில் இருந்தாள். மதர் பெட்டியை ஒவ்வொருவரிடமாகக் கொண்டுவந்தார். போலினின் கை நடுங்கியதால் மொச்சை தவறி மடியில் விழுந்தது, தேடி எடுத்துப் போட்டார். என் முறை வந்தது. கையைத் துளைக்குள் விட்டபோது எந்த விரல்களில் எது இருக்கிறது என்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். கை தவறியது என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தவறவில்லை.

மதர் பெட்டியை வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். வெள்ளை மூன்று, கறுப்பு மூன்று.

பாதிக்கு மேல் வேண்டும். மூன்று போதாது. மற்ற இரண்டு கறுப்பு யாருடையது, அவர்களுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் மனச்சாட்சிப்படி போட்டிருக்கலாம். நான் என் மனச்சாட்சிக்கு எதிராகப் போட்டேன். மதர் மொச்சைகளை அந்தத் துணியிலேயே முடிந்து வைத்தார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போனார். நித்யாவின் குரல் கேட்கும் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் கிளம்பினாள். அம்மா கொண்டுவந்த சுடிதார் அவளுக்குத் தொளதொளவென்றிருந்தது. வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அம்மா பேசும் தமிழை என்னிடம் பேச முயற்சி பண்ணுவாள் எப்போதும்.

"ஐ நோ, சிஸ்டர். நீங்க எனக்கு ஒயிட்தான் போட்டிருப்பீங்க."

நான் தலையாட்டினேன்.

ஆமாம், தலையாட்டினேன்! விதிப்படி பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது என்று எங்கும் எழுதவில்லையே. வெளியே சுமதி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஏதோ செய்திருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஒரே நிமிடத்தில் மகளிடம் ஒருத்தியாகவும் தாயிடம் இன்னொருத்தியாகவும் நின்று இரண்டு நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பனிக்காலத்திலேயே சிஸ்டர் போலின் இறந்தார். நாங்கள் ஐந்து பேரானோம்.

பிறகு எல்லாம் மெதுவாகவும் மரியாதையாகவும் நடந்தது. வெளி மடங்களிலிருந்து மூன்று பேர் லேப்டாப்போடு வந்தார்கள். நல்லவர்கள். பூட்டிய மாடியையும் எங்கள் மருந்துப் பெட்டிகளையும் பார்த்தார்கள். "புதிதாகப் பயிற்சியில் யாராவது இருக்கிறார்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஒருத்தி இருந்தாள்" என்றார் மதர். அந்தச் சகோதரி லேப்டாப்பில் எதையோ தட்டினார். ஆறு மாதத்தில் முடிவு வந்தது. இனி புதியவர்களைச் சேர்க்கக் கூடாது, மடத்தை மூட வேண்டும்.

அறிவிப்பு வந்த பிறகுதான் சுமதி மறுபடி வந்தார். முதல் சனிக்கிழமைகூட இல்லை, ஏதோ ஒரு வியாழன். பெட்டி சுழன்றது. அதே டப்பா, சூடான அரிசிம்பருப்பு சாதம்.

"சிஸ்டர்... அவள நீங்களே திரும்ப எடுத்துக்கோங்க."

நான் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பேசவே மாட்டேங்குறாளுங்க. வெடியால நாலரைக்கு எந்திரிச்சு, கீழ பேஸ்மென்ட்ல தனியா நின்னுக்கிட்டு உங்க பாட்டப் பாடறா. ஒரு லைன் பாடறா, அப்பறம் சும்மா நிக்கறா. யாரோ எதிர்ல இருந்து பாடற மாதிரி வெயிட் பண்றா. அப்பறம் அடுத்த லைன். பாத்துக்கிட்டு இருக்க முடியலீங்க சிஸ்டர்! எங்கூட வந்துட்டாப் போதும்னு நெனச்சேன். வந்தது எம்பொண்ணு இல்லீங்க. அவ எங்கயாவது நல்லா இருந்தாப் போதும். நான் அன்னிக்கி உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க. என் வாய்தான்..."

அவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டார். கேட்டீர்களா? என் குற்றத்தை அந்த அம்மாள் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு அழுதார்! எங்களுக்கு நடுவில் ஒரு மரப்பெட்டிதான் இருந்தது. 'நீங்கள் கேட்டதற்காக இல்லை அம்மா, என் கெட்ட புத்தியால்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அவராவது அன்று பாரம் குறைந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

"இப்ப எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. ரோமாபுரிச் சட்டம் அப்படி" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து கார் கிளம்பும் சத்தம் கேட்டது. டப்பா என்னிடமே தங்கிவிட்டது. அப்பம் சுடும் இயந்திரத்தை அதற்குமுன்பே வேறு மடத்துக்கு அனுப்பிவிட்டோம். அதில் போட்டுக் கொடுக்க என்னிடம் ஓரங்கள்கூட இல்லை.

கடைசி நாளில் எங்கள் வழக்கப்படி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் கூட்டம் நடந்தது. அவரவர் குற்றத்தை அவரவரே எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். நற்கருணை அப்பத்தை எடுத்துச் சென்றுவிட்டதால் அதை வைக்கும் பேழை திறந்து கிடந்தது, பக்கத்து விளக்கு அணைந்திருந்தது. மதர் முதலில் முழந்தாளிட்டார். "இந்த வீட்டை உங்களுக்குக் காப்பாற்றித் தர முடியாமல் போனேன், என்னை மன்னியுங்கள்" என்றார். எண்பத்தாறு வயது. எழுந்திருக்க முடியாமல் இருவர் தூக்கிவிட்டோம். நான்தான் வலது கையைப் பிடித்தவள்.

அடுத்தது நான். நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது!

"பழரச ஜாடியை உடைத்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தேன்" என்றேன்.

மதர் சிரித்து, என் கன்னத்தைத் தட்டி, "அது கண்ணாடிதானே, சின்னப் பெண்ணே" என்றார். ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன நாலாம் மாதம் இறந்துபோனார். கடைசிவரை குற்றம் தன்னுடையதென்று நினைத்தபடியே போனார்.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். "ஒரு சகோதரிமேல் பொறாமைப்பட்டேன், சாமி" என்றேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். யானையைப் பானைக்குள் மறைத்துக் காட்டினால் அவர் என்ன செய்வார்? பானைக்கு எவ்வளவோ அதைத்தான் மன்னிப்பார்.

எங்கள் மடம் இப்போது அபார்ட்மென்ட் ஆகிக்கொண்டிருக்கிறதாம். நான் டெக்ஸாஸில், பிளானோவுக்கு அருகில், வயதான சகோதரிகள் இல்லத்தில் மறுபடி நர்ஸ் வேலை பார்க்கிறேன். டப்பாவும் என்னோடு வந்தது. சனிக்கிழமைகளில் அதைக் கழுவித் துடைத்து வைப்பேன். திருப்பி அனுப்பலாம், விலாசம் இருக்கிறது. ஆனால் வெறுமையாக அனுப்பக் கூடாதே. அதில் போட வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதினால் போதும். எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை ஜெயா வந்திருந்தாள். பிளானோவில் ஐடி வேலை பார்க்கும் தமிழ்ப் பெண், எங்களுக்கு இந்தியக் கடைச் சாமான் வாங்கிவந்து தருவாள். அடுக்களையில் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சிஸ்டர், நெக்ஸ்ட் வீக் நான் எடிசன் போறேன், ஒரு வெட்டிங் இருக்கு. உங்க பழைய மடம் அந்தப் பக்கம்தானே? யாருக்காவது ஏதாவது குடுக்கணும்னா சொல்லுங்க, நான் டெலிவர் பண்ணிடறேன்." பிறகு மூடியைத் தடவி வாசித்தாள். "நித்யா காதணி விழா... யாரு சிஸ்டர், இந்த நித்யா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மூடினேன்.

"தெரியலம்மா. யாரோ விட்டுட்டுப் போனது" என்றேன்.

அவள் டப்பாவை மேடையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். நான் அதை இன்னொரு முறை கழுவி, துடைத்து, அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன்.